‘காராச்சேவு’ சொன்ன பாடம்: போர்டு எழுத்திலிருந்து ஒரு தூரிகை எழுத்துரு

ஒரு பலகாரக் கடைக்காக, கையால் எழுதிய பெயர்ப்பலகையை முன்வைத்துத் தமிழில் ஒரு தூரிகை எழுத்துரு செய்த கதை இது. கடை, அச்சகம், எழுதியவர் யாருடைய பெயரும் இதில் இல்லை. நான் எழுத்துரு வரைபவன். நிரல் பகுதியை என்னோடு வேலை செய்யும் தோழி ஒருவர் பார்த்துக்கொண்டார். இதில் வரும் பெரிய தவறு என்னுடையது. அது எங்கே, எப்படி நடந்தது என்பதைப் பதிந்து வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி

மதுரையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே தெருவில் நடக்கும் கடை. முகப்பில் ஒரு தகரப் பலகை, அதில் எனாமல் பெயிண்டில் கடைப் பெயர். சிவப்பு எழுத்து, வலப்பக்கம் கருப்பு நிழல். வெயிலில் சிவப்பு வெளுத்துப்போய்விட்டது. ஆனாலும் தெருமுனையில் திரும்பும்போதே கடை தெரிந்துவிடும். எழுத்தின் வளைவைப் பார்த்தே கடையை அடையாளம் சொல்கிறவர்கள் அந்தப் பகுதியில் உண்டு.

ஊரின் மறுபக்கத்தில் இரண்டாவது கிளை திறக்க ஏற்பாடு நடந்தது. தீபாவளிக்கு நான்கு மாதம் இருந்தது. கடைக்காரரின் மகன் எங்களிடம் கேட்டது இதுதான்: பழைய போர்டில் இருக்கிற அதே எழுத்து டப்பா, ஸ்டிக்கர், விலைப்பட்டியல், கிளையின் உள்சுவர் என்று எல்லா இடத்திலும் வர வேண்டும். அதுவரை ஃபிளெக்ஸ் கடைக் கணினியில் இருந்த நாலைந்து எழுத்துருக்களில் ஏதோ ஒன்றில்தான் எல்லாம் அச்சாகிக்கொண்டிருந்தது. பக்கத்து பேக்கரியின் பெயரும், எதிரில் இருக்கும் மருந்துக்கடையின் பெயரும் அதே எழுத்துருவில்தான்.

பலகையை எழுதியவரைத் தேடிப் பிடித்தோம். அறுபதைத் தாண்டிய போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃபிளெக்ஸ் பேனர் பரவிய பிறகு கடை போர்டு வேலை அவருக்கு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. லாரிகளின் பின்புறம், கோயில் உபயப் பலகை, பள்ளிக்கூடச் சுவர் என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தார். ‘பழைய போர்டை யார் எழுதினது?’ என்று தேடி வந்தவர்கள் நாங்கள்தான் முதல் என்றார். அவரை நான் ‘அண்ணே’ என்றும் அவர் என்னைத் ‘தம்பி’ என்றும் அழைக்கத் தொடங்கி, வேலை முடியும்வரை அப்படியே இருந்தது.

எழுத்துரு தேவைதானா என்ற கேள்வி முதலிலேயே வந்தது. ஏறக்குறைய அறுபது பலகாரப் பெயர்கள். அறுபதையும் அண்ணன் கையாலேயே எழுதி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளலாம். அழகில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் கடையில் மாதம் ஒரு புதுச் சரக்கு வருகிறது, விலை மாறுகிறது, ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆர்டர் என்று அறிவிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒருவரைக் கூப்பிட்டு எழுத வைப்பது நடக்காது என்று மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் இரண்டாகப் பிரித்தோம். கடைப் பெயரை மட்டும் அண்ணன் இரண்டாவது கிளைக்கும் தகரத்திலேயே எழுதுவார். மற்ற எல்லாவற்றுக்கும் எழுத்துரு. இந்த முடிவு சரியான முடிவு. மாறாமல் பிடித்துக்கொண்டதில் எனக்கு இன்றும் நிறைவு.

முதலில் காட்டிய மாதிரி

மகன் ஒரு ஆங்கிலத் தூரிகை எழுத்துருவைக் காட்டி, தமிழும் இந்த மாதிரி சாய்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து வர முடியுமா என்று கேட்டார். அவர் காட்டியது ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் ஈ. ஸ்மித் 1942-இல் வடித்தது. உலோக அச்சு நாளிலேயே தூரிகை எழுத்து போன்ற தோற்றத்தைக் கொண்டுவந்த எழுத்துருக்களில் ஒன்று. பிரான்சில் ரோஜே எக்ஸ்கோஃபோன் 1953-இல் செய்த ‘மிஸ்த்ரால்’ இன்னும் ஒரு படி மேலே போய், சாதாரணக் கையெழுத்தைப் போலவே எழுத்துகளை இணைத்தது. இரண்டிலும் தந்திரம் ஒன்றுதான். ஒவ்வொரு சிறிய எழுத்தும் ஒரே உயரத்தில் தொடங்கி, ஒரே உயரத்தில் முடியும். எந்த எழுத்து பக்கத்தில் வந்தாலும் வால் போய் அடுத்ததன் தலையைத் தொட்டுவிடும்.

தமிழில் அப்படி இணைத்துப் பார்த்தோம். இரண்டு நாள் வீணானது, ஆனால் தெளிவு கிடைத்தது. ‘ப’வின் வலக்காலை அடுத்து வரும் துணைக்காலோடு இணைத்தால் ‘பா’ ஒரு புதுச் சித்திரமாகி, எழுத்தாகவே தெரியவில்லை. ‘ரா’ ஒரு வாசல் நிலையைப் போல ஆனது. ஆங்கிலத்தில் இணைப்புக் கோடு ஒரு சேர்ப்பு மட்டும்தான். அதைப் படிக்க வேண்டியதில்லை. தமிழில் நாம் கூட்டும் எந்தக் கோடும் காலாகவோ கொம்பாகவோ விலங்காகவோ (‘கி’, ‘கீ’யில் மேலே வரும் வளைவு) படிக்கப்படும். அப்புறம் சாய்வு. 12 டிகிரி சாய்த்ததும் ‘ட’, ‘ப’, ‘ம’, ‘ய’ எல்லாம் கீழே விழப்போகும் பெட்டிகளாகத் தெரிந்தன.

அண்ணனின் பழைய போர்டைப் புகைப்படம் எடுத்து அளந்தோம். நிமிர்ந்த கோடுகள் 3 முதல் 7 டிகிரிக்குள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன, அதுவும் எழுத்துக்கு எழுத்து வேறாக. எழுத்துகள் எங்கும் ஒட்டவில்லை. அப்படியிருந்தும் ஓடுகிற எழுத்தாகத் தெரிகிறது. அந்த ஓட்டம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க அவர் எழுதும்போது பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

எழுதும்போது பார்த்தது

மூன்று நாள் அவர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். சாக்பொடி தேய்த்த நூலை இரு முனையிலும் பிடித்து, நடுவில் இழுத்து விட்டார். பலகையில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. அப்படி இரண்டு கோடு. மேல்விலங்குக்கும் கொம்புச் சுழிக்கும் தனிக் கோடு இல்லை, கண் அளவுதான். முக்கால் அங்குலப் பட்டைத் தூரிகை. பெயிண்டில் கொஞ்சம் டர்பென்டைன் கலந்து, தகர மூடியில் தூரிகையை இரண்டு பக்கமும் தட்டித் தட்டி முனையைத் தகடு போல ஆக்கிக்கொண்டார். இடக்கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் துணி உருண்டை. அதைப் பலகையில் ஊன்றி, வலக்கையை அதன் மேல் வைத்து எழுதினார்.

‘க’ எழுதும்போது கவனித்தேன். மேல்கோடு, நிமிர்ந்த கோடு, இடச்சுழி, வலப்பக்க வளைவு என்று நான்கு தனித்தனி இழுப்பு. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தூரிகை முழுதாக அழுந்துகிறது. முடிவில் விரல்களுக்கிடையே மெல்லச் சுழன்று முனையில் எழும்புகிறது. அந்தச் சுழற்சியால்தான் கோடு வெட்டுப்பட்டது போல முடியாமல், இலை நுனி போல முடிகிறது. ஓட்டம் என்று நான் தேடியது அதுதான். ஒரு எழுத்தின் கடைசி நுனி அடுத்த எழுத்தின் முதல் அழுத்தத்தை நோக்கி நிற்கிறது. நடுவில் வெற்றிடம்தான், கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

இன்னொன்று. ‘முறுக்கு’ எழுதச் சொன்னோம். ‘க்’கை ஒடுக்கி, ‘கு’வை அகலமாக எழுதினார். ‘லட்டு’விலும் அப்படியே. ஏன் என்று கேட்டேன்.

“முதல் எழுத்து முட்டுக் கொடுக்கிற எழுத்து தம்பி. அதுக்கு உடம்பு தேவையில்ல. அடுத்ததுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிக்கணும்.”

தமிழில் இரட்டிக்கும் எழுத்து எவ்வளவு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். முறுக்கு, லட்டு, மிட்டாய், கச்சாயம், முந்திரிக்கொத்து. பலகாரக் கடையில் பாதிப் பெயரில் ஒரு இரட்டிப்பு இருக்கிறது. எழுத்துருவில் ஒரே ‘க’வைப் புள்ளியோடும் புள்ளியில்லாமலும் அடுத்தடுத்து வைத்தால், காய்ந்த தூரிகையின் கீறலும் சிதறலும் அச்சு அசலாக இரண்டு முறை வந்து, இது கையால் எழுதியது இல்லை என்பது முதல் பார்வையிலேயே அம்பலமாகிவிடும்.

பழைய வழக்கமும் ஒன்று வந்தது. ‘லை’, ‘னை’ எழுதும்போது அவர் கை தானாகப் பழைய வடிவத்துக்கு, அந்தத் துதிக்கை போட்ட வடிவத்துக்குப் போனது. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே பள்ளியில் படித்தவர். கடைக்காரரின் அப்பாவுக்கும் அந்த ‘லை’தான் பிடித்திருந்தது.

எடுத்த முடிவுகள்

தமிழில் 247 எழுத்து என்பதற்காக 247 படம் வரைய வேண்டியதில்லை. பதினெட்டு மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என ஆறு வடிவம் தனியாக வரைந்தோம்: 108. உயிரும் ஆய்தமும் 13. துணைக்கால் (‘கா’வில் வருவது), ஒற்றைக்கொம்பு (‘கெ’), இரட்டைக்கொம்பு (‘கே’), இணைக்கொம்பு (‘கை’) 4. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் அதே ஆறு வடிவம், 30. ஸ்ரீ ஒன்று. மொத்தம் 156. ஆகாரம், எகரம், ஐகாரம், ஒகரம் எல்லாம் இவற்றைச் சேர்த்தே வந்துவிடும்.

மெய்மேல் புள்ளியைத் தனித் துண்டாக ஒட்டாமல், ஒவ்வொரு புள்ளி எழுத்தையும் அண்ணன் கையாலேயே தனியாக எழுத வைத்ததற்குக் காரணம் அந்த ‘முட்டுக் கொடுக்கிற எழுத்து’தான். வல்லினம் ஆறுக்கும், ல, ள, ன, ண, ம ஐந்துக்கும் ஒடுங்கிய வடிவம் ஒன்று கூடுதலாகச் செய்தோம். அடுத்து அதே எழுத்து வந்தால் ஒடுங்கிய வடிவம் தானாக வரும்படி தோழி விதி எழுதினார். பழைய ‘லை’, ‘ளை’, ‘னை’, ‘ணை’ நான்கையும், கூடவே பழைய ‘ணா’, ‘றா’, ‘னா’ மூன்றையும் விருப்ப வடிவமாக வைத்தோம். சும்மா தட்டச்சினால் இன்றைய வடிவம், வேண்டுமென்றால் பழையது.

விலை எழுத அண்ணன் எப்போதும் ‘ரூ.’ என்றுதான் போடுவார். 2010-இல் வந்த ரூபாய்க் குறியைத் தூரிகையில் எழுதிப் பழக்கமில்லை. பத்துப் பதினைந்து முறை எழுதிப் பார்த்து, கடைசியில் குறுக்குக் கோடு இரண்டையும் ஒரே இழுப்பில் போடுகிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தார். எழுத்துருவிலேயே உயிரோட்டமான குறி அதுதான் என்பது என் எண்ணம்.

தாளில் கருப்பு மையால் எழுதியதை உயர்ந்த நுணுக்கத்தில் ஸ்கேன் செய்தோம். அதைக் கணினியே கோடாக மாற்றினால் ஒரு எழுத்துக்கு, கோட்டின் வளைவைப் பிடித்து நிற்கும் முடிச்சுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அதனால் உருவத்தை நான் கையால் மறுபடி வரைந்து, காய்ந்த தூரிகையின் கீறல்களை மட்டும் தேர்ந்தெடுத்து மேலே சேர்த்தேன்.

இந்த இடத்தில்தான் தவறு செய்தேன். மறுபடி வரையும்போது ‘சுத்தம்’ செய்தேன். அண்ணனின் ‘ர’வில் கீழே இடப்பக்கம் இழுக்கும் கால், அடிக்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு இறங்கியிருக்கும். மற்ற எழுத்தெல்லாம் கோட்டில் நிற்க, ‘ர’ மட்டும் இறங்குவது எனக்கு ஒழுங்கில்லாமல் தெரிந்தது. அதை மேலே இழுத்துக் கோட்டுக்குள் அடக்கினேன். துணைக்கால் அவர் கையில் ‘ர’வைவிடச் சற்று உயரம். அதையும் சமமாக்கினேன். இரட்டைக்கொம்பின் மேல்சுழியை அவர் பெரிதாகத் திறந்து போடுவார். பக்கத்து எழுத்தின் மேல்விலங்கை இடிக்கிறது என்று சுழியைச் சின்னதாக்கினேன். திரையில் பெரிதாக வைத்துப் பார்த்தபோது எல்லாம் அழகாக, வரிசையாக இருந்தது.

முதல் அச்சு

தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பு டப்பா ஸ்டிக்கர் முதல் தொகுதி வந்தது. எழுத்து உயரம் 9 மில்லிமீட்டர். தாளின் மேல் மினுமினுப்புப் பூச்சு.

காலையில் கடைக்காரரின் மனைவி ஒரு ஸ்டிக்கரை எடுத்து வந்து, “இது என்னப்பா தென்குழல்? தெற்கிலிருந்து வருதா?” என்று கேட்டார். தேன்குழல். இரட்டைக்கொம்பின் சின்னச் சுழி மை பரவி அடைத்துக்கொண்டு, ஒற்றைக்கொம்பாக நின்றது.

அடுத்து காராச்சேவு. ‘காரா’ என்ற பகுதியில் ‘க’வுக்குப் பிறகு மூன்று வடிவம் வரிசையாக நிற்கும்: துணைக்கால், ‘ர’, மறுபடி துணைக்கால். ஸ்டிக்கரில் மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நின்றன. வெளியூரிலிருந்து வந்து அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த பையன் அதை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடி வழியே சரக்கைப் பார்த்துத்தான் பெயரைச் சொன்னான்.

மூன்றாவது, புள்ளி. காய்ந்த தூரிகையின் சிதறல் என்று நான் ஆசையாகச் சேர்த்த துளிகளில் ஒன்று ‘ச’வின் தலைக்கு மேல் இருந்தது. 9 மில்லிமீட்டரில் அது புள்ளியேதான். ‘அதிரசம்’ ‘அதிரச்ம்’ ஆனது. ‘முறுக்கு’வில் எதிர்த்திசையில் நடந்தது. உண்மையான புள்ளிக்குள்ளும் நான் கீறல் வைத்திருந்ததால் அது பாதி மறைந்து, ‘முறுககு’ என்று நின்றது.

ஸ்டிக்கரின் கீழ்ப்பகுதியில் சேர்மானப் பொருட்களையும் எடையையும் அச்சகம் அதே எழுத்துருவில் போட்டிருந்தது. அலங்கார எழுத்துரு பெயருக்கும் தலைப்புக்கும் மட்டும்தான் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. எடை, விலை எண்களுக்கு இவ்வளவு உயரம் குறையாமல் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளே சொல்கின்றன. உயரம் இருந்தும் படிக்க முடியாவிட்டால் என்ன பயன்?

அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கினோம். செலவை நாங்கள் ஏற்றோம். கடைக்காரர் பாதியைத் தருகிறேன் என்றார். வாங்கவில்லை, ஏனென்றால் சின்ன அளவில் ஒரு தாள்கூட அச்சிட்டுப் பார்க்காமல் கோப்பை அனுப்பியது நான்.

திருத்தம்

ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கையில் வாங்கி, கை நீளத்துக்குத் தள்ளிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. எழுந்து போய், மாடிச் சுவரில் சாக்பீஸால் ‘காரா’ என்று எழுதினார். ‘ர’வின் கால் கோட்டுக்குக் கீழே இறங்கியது. துணைக்கால் கோட்டின் மேலேயே நின்றுவிட்டது.

“பஸ்ல போறவன் படிக்கணும்ல தம்பி. அதுக்குத்தான் இதைக் கீழ இழுக்கிறது. நீங்க ஏன் மேல ஏத்துனீங்க?”

நான் ஒழுங்கில்லை என்று நினைத்த மூன்றும், அவர் நாற்பது வருடமாகத் தூரத்திலிருந்து படிக்கிறவர்களுக்காகச் செய்து வைத்தவை. ‘ர’வும் துணைக்காலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே வடிவம். பழைய கையெழுத்துகள் பலவற்றில் இரண்டுக்கும் வித்தியாசமே இருக்காது. தூரிகையில் அந்த வித்தியாசம் கீழே இறங்கும் ஒரு விரல் அளவில்தான் நிற்கிறது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சுழியின் திறப்பில் இருக்கிறது. சுழி அடைத்தால் சொல்லே மாறிவிடும்.

பத்து நாளில் மூன்றையும் திருப்பினோம். ‘ர’வின் கால் பழையபடி அடிக்கோட்டுக்குக் கீழ் இறங்கியது. துணைக்கால் உயர்ந்தது. இரட்டைக்கொம்பின் சுழி திறந்தது. அது பக்கத்து மேல்விலங்கை இடிக்கும் இடங்களில் எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினோமே தவிர, சுழியைத் தொடவில்லை. புள்ளிக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: கீறல் இல்லாமல் நிரம்பியதாக, கோட்டின் பருமனைவிடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். எந்த எழுத்தின் தலைக்கு மேலும், அது புள்ளி எழுத்தோ இல்லையோ, ஒரு துளிச் சிதறல்கூட இருக்கக் கூடாது. சிதறல் எல்லாம் கோட்டின் உட்புறத்திலும் வலப்பக்க ஓரத்திலும் மட்டும்.

சின்ன அளவுக்கென்று கீறலே இல்லாத இன்னொரு முகமும், அதாவது அதே எழுத்துருவின் இன்னொரு வகையும், செய்தோம். அதற்கு ‘ஈரம்’ என்றும் கீறல் உள்ளதற்கு ‘உலர்’ என்றும் பெயர் வைத்தோம். பெயிண்ட் நிறைய தோய்த்த தூரிகை, வற்றிப்போன தூரிகை. அண்ணன் புழங்கும் வித்தியாசமே அதுதான், அதனால் புரிய வைக்கச் சிரமப்படவில்லை. ஓர் அங்குல உயரத்துக்குக் கீழே எல்லாம் ‘ஈரம்’. அதுவும் பெயருக்கு மட்டும். சேர்மானமும் எடையும் முகவரியும் சாதாரண அச்செழுத்தில்.

அச்சகத்திலும் போர்டுக் கடையிலும்

அச்சகம் சிவகாசியில். அங்கே தட்டச்சு செய்பவர் இருபது வருடமாகப் பழைய எழுத்துருக்களில் வேலை செய்தவர். அவற்றில் கண்ணில் படுகிற வரிசையிலேயே தட்ட வேண்டும்: ‘தே’ என்றால் முதலில் கொம்பு, அப்புறம் ‘த’. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறிமுறையான யூனிகோடில் முதலில் ‘த’, பிறகு ஏகாரக் குறி. திரையில் கொம்பை முன்னே கொண்டு வைப்பது மென்பொருளின் வேலை. அவர் பழக்கப்படி கொம்பை முதலில் தட்ட, அது ஒரு புள்ளிவட்டத்தோடு தனியாக நின்றது. எழுத்துரு பழுது என்று ஃபோன் வந்தது. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, ஆனால் அச்சகத்து விரல்கள் அரசாணையைப் படிப்பதில்லை. அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. அவருடைய பக்க வடிவமைப்பு மென்பொருளே யூனிகோடுக்கு முந்தையது. தீபாவளி அவசரத்தில் அதை மாற்றச் சொல்ல முடியாது. பெயர்களை நாங்களே அமைத்து, எழுத்தை வெறும் உருவமாக மாற்றி அனுப்பினோம். பண்டிகை முடிந்த பிறகு தோழி ஒரு நாள் போய் உட்கார்ந்து, புதிய மென்பொருளில் இந்திய மொழி அமைப்பை எங்கே இயக்க வேண்டும் என்று காட்டிவிட்டு வந்தார்.

போர்டுக் கடையில் வேறு சிக்கல். கிளையின் உள்சுவருக்கு அக்ரிலிக்கில் எழுத்து வெட்ட ‘உலர்’ முகத்தை எடுத்துவிட்டார்கள். இயந்திரம் ஒவ்வொரு கீறலையும் தனித் துண்டாக வெட்டி, மேசை முழுக்கச் சிவப்புத் தூள். வெட்டுவதற்கு ‘ஈரம்’ மட்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்பியதும் தீர்ந்தது.

விண்டோஸ் கணினிகளில் ‘கீ’, ‘பீ’ போன்றவற்றின் மேல்சுழி பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. எழுத்துருவின் மேல் எல்லையைக் குறைவாக வைத்திருந்தோம். அதைக் கூட்டினோம்.

பணமும் பெயரும்

தொடக்கத்தில் அண்ணனுக்கு நாள் கூலிக் கணக்கில்தான் பேசியிருந்தோம். அது சரியில்லை என்று முதல் வாரமே தோன்றியது. மூன்று நாள் எழுதியதற்குக் கூலி கொடுத்துவிட்டால், அதன் பிறகு அவர் கை பல்லாயிரம் டப்பாக்களில் எழுதிக்கொண்டே இருக்கும், அவருக்கு ஒன்றும் வராது. கடைக்காரரிடம் பேசி, எழுத்துருவுக்கான தொகையில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்று எழுதிக்கொண்டோம். ஓராண்டு கடைக்கு மட்டும். அதன் பிறகு மற்றவர்களுக்கு விற்றால் அதிலும் அதே பங்கு. வெள்ளைத்தாளில் ஒரு பக்கம், தமிழில், மூவர் கையெழுத்து.

எழுத்துருவுக்கு அவர் பெயரையே வைக்கலாம் என்றோம். வேண்டாம் என்றார். தனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் எழுத்தும் இதில் பாதி இருக்கிறது, தன் பெயரை மட்டும் போடுவது முறையில்லை என்றார்.

பிறகு நடந்தது

இரண்டாவது தொகுதி ஸ்டிக்கர் தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு வந்தது. இந்த முறை அச்சுக்குப் போகுமுன் அறுபது பெயரையும் 9 மில்லிமீட்டரில் சாதாரணத் தாளில் எடுத்து, புது வேலையாளையும் பக்கத்துக் கடைக்காரர்களையும் படிக்கச் சொன்னோம். ‘சீரணி’யில் மட்டும் தயங்கினார்கள். அது எழுத்தால் இல்லை, அந்த மிட்டாயை அறியாததால்.

கடைக்காரரின் அப்பா ‘கடலை மிட்டாய்’ டப்பாவில் பழைய ‘லை’யைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இளையவர்கள் சிலர் அது என்ன எழுத்து என்று கேட்டார்களாம். கல்லாவில் உட்கார்ந்து அதை விளக்குவது அவருக்குப் பிடித்திருந்தது.

நான் எதிர்பாராத ஒன்று: கிளையின் தகர போர்டைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவில் இரண்டு கடைகள் அண்ணனை நேரடியாகக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள். எழுத்துரு அவர் வேலையைப் பறித்துவிடுமோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. இரண்டு கடையை வைத்து அந்தப் பயம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை மாற்றுவது

எழுத்துகளைத் தனித்தனியாக எழுத வைக்க மாட்டேன். சொற்களாகத்தான் எழுத வைப்பேன். தனியாக எழுதும்போது அண்ணனின் ‘ர’ கொஞ்சமாகத்தான் இறங்கியது. ‘காரா’ என்று எழுதும்போது நன்றாக இறங்கியது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அவர் கை எழுதுகிறது. காராச்சேவு, தேன்குழல், முறுக்கு, அதிரசம், பால்கோவா, கருப்பட்டி மிட்டாய் என்று ஒரு நாற்பது சொல் எழுதி வாங்கியிருந்தால், நான் சுத்தம் செய்யத் துணிந்திருக்க மாட்டேன்.

ஏதாவது ஒன்று ஒழுங்கில்லாமல் தெரிந்தால், திருத்துவதற்கு முன் எழுதியவரிடம் ஃபோனில் கேட்பேன். இரண்டு நிமிட வேலை அது. முதல் நாளே சின்ன அளவில் அச்சிட்டுப் பார்ப்பேன். எழுத்துருக் கோப்போடு ஒரு பக்கக் குறிப்பு கட்டாயம் போகும்: எதற்குப் பயன்படுத்தலாம், எந்த அளவுக்குக் கீழே கூடாது, வெட்டுவதற்கு எது, அச்சுக்கு எது. பங்கு பற்றிய பேச்சை வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடுவேன்.

‘ழ’ மட்டும் இன்னும் பாக்கி. ‘தேன்குழல்’ டப்பாவில் இருக்கும் ‘ழ’வின் வால் தனக்குத் திருப்தியில்லை என்று அண்ணன் பொங்கலுக்குப் பிறகு சொன்னார். தாளில் மூன்று விதமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு இரண்டாவது. இந்த முறை இரண்டையும் தொடாமல், அப்படியே ஸ்கேன் செய்து, தேன்குழல் ஸ்டிக்கர் அளவில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.